ரோமில் தீர்ப்புச் சொன்னது யார்? பிரேட்டர் பதவியும் வழக்கு நடந்த விதமும்

ரோமானிய வரலாற்றைத் தமிழில் படிக்கும்போது பிரேட்டர் என்ற பதவிக்குப் பக்கத்தில் 'நீதிபதி' என்று போட்டிருப்பார்கள். பாதிகூடச் சரியில்லாத விளக்கம் அது. கடன் பாக்கி, வாரிசுச் சண்டை, வரப்புத் தகராறு, விற்பனை ஒப்பந்தம் என்று வருகிற சாதாரண உரிமையியல் வழக்குகளில் பிரேட்டர் சாட்சிகளை விசாரிப்பதில்லை, தீர்ப்பும் சொல்வதில்லை. அவர் சட்டம் படித்தவராக இருக்கவேண்டிய கட்டாயமும் கிடையாது. வாக்கு வாங்கி ஜெயித்து வந்த அரசியல்வாதி அவர். பதவிக்காலம் ஒரே ஒரு வருடம். அது முடிந்த கையோடு பெரும்பாலும் ஒரு மாகாணத்தை ஆளக் கிளம்பிவிடுவார்.

அப்படிப்பட்ட ஓராண்டுப் பதவியாளர்கள் எழுதி வைத்ததுதான் பிற்காலத்து ஐரோப்பிய உரிமையியல் சட்டத்துக்கு அடித்தளமானது. எப்படி என்று தெரிந்துகொள்ள, ஒரு வழக்கு ரோமில் எந்தெந்தக் கைகளைக் கடந்து போனது என்று பார்த்தாக வேண்டும்.

அதிகாரம் யார் யாரிடம் இருந்தது

குடியரசு ரோமில் நீதித்துறை என்று தனியாக ஒன்று இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த உயர் பதவியாளர்கள் எல்லாரையும் பொதுவாக 'மாஜிஸ்ட்ராட்டஸ்' என்றார்கள். படை நடத்துபவரும் அவர்தான், தெருவைச் சுத்தமாக வைப்பவரும் அவர்தான், வழக்கை ஏற்பவரும் அவர்தான். நம் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டை மனதில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். வழக்கோடு தொடர்புள்ள பதவிகள் இவை:

1. கான்சல். ஆண்டுக்கு இருவர். தொடக்கத்தில் நீதி அதிகாரமும் இவர்கள் கையில்தான் இருந்தது. ஆனால் இவர்கள் பாதி வருடம் போர்க்களத்தில் இருந்தார்கள்.
2. பிரேட்டர். கி.மு. 367-ஆம் ஆண்டின் லிசினியஸ்–செக்ஸ்டியஸ் சட்டங்களை ஒட்டி வந்த பதவி. அடுத்த ஆண்டு அதில் முதலில் அமர்ந்தவர் ஸ்பூரியஸ் ஃபூரியஸ் கமில்லஸ்.
3. கியூரூல் ஈடைல். ஆண்டுக்கு இருவர். சந்தை, தெரு, விழா ஆகியவற்றின் பொறுப்பு. சந்தையில் நடக்கும் விற்பனைத் தகராறுகள் இவர்களிடம் போகும்.
4. 'டிரெஸ்விரி கபிடாலெஸ்' என்ற மூவர் குழு. சிறை, இரவுக் காவல், மரண தண்டனை நிறைவேற்றம். அடித்தட்டு மக்களின் திருட்டு, அடிதடிகளைப் பார்த்துக்கொண்டது இவர்கள்தான்.
5. மக்கள் டிரிபியூன். வழக்கை நடத்த இவருக்கு வேலை இல்லை. மற்றவர்களின் உத்தரவைத் தடுப்பதுதான் வேலை.

கான்சலுக்கும் பிரேட்டருக்கும் 'இம்பெரியம்' இருந்தது. கட்டளையிடவும், படை நடத்தவும், வழக்குக்கு அனுமதி தரவும் உள்ள முழு அதிகாரம் அது. ஈடைலுக்கு இம்பெரியம் கிடையாது, சந்தைக்கு உட்பட்ட வரம்பு மட்டுமே. இந்த வேறுபாடு இன்னோர் இடத்திலும் முக்கியம்: இம்பெரியம் உள்ள பதவியாளரை, பதவியில் இருக்கும்வரை, யாரும் நீதிமன்றத்துக்கு அழைக்க முடியாது.

பிரேட்டர் ஒருவரே போதாமல் போனது. கி.மு. 242 வாக்கில் இரண்டாவது பிரேட்டர் வந்தார். குடிமக்களுக்கு இடையிலான வழக்குகள் நகரப் பிரேட்டருக்கு. ஒரு தரப்பாவது வெளியூரார், அதாவது ரோமக் குடியுரிமை இல்லாதவர், என்றால் அது வெளியார் பிரேட்டருக்கு. சிசிலியும் சார்டினியாவும் கைக்கு வந்தபின் 227-இல் நான்கு பேர், ஸ்பெயினுக்காக 197-இல் ஆறு பேர், சர்வாதிகாரி சுல்லா காலத்தில் 81-இல் எட்டு பேர், ஜூலியஸ் சீசர் கடைசியில் பதினாறு வரை கொண்டுபோனார். எந்தப் பொறுப்பு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். சட்டத்தில் தேர்ந்தவருக்கு ஸ்பெயின் படையும், படைத்தளபதிக்கு ரோம் நகர நீதிப் பொறுப்பும் விழுவது சகஜம்.

வழக்கு இரண்டு துண்டு

இந்த முறையின் மையமே இதுதான். முதல் பாதி பிரேட்டர் முன்னால் நடக்கும். அங்கே ஒரே கேள்வி: இது வழக்காகுமா, ஆகுமென்றால் தீர்க்கவேண்டிய கேள்வி என்ன? இரண்டாம் பாதி 'யூடெக்ஸ்' என்ற ஒரு தனிமனிதர் முன்னால் நடக்கும். அவர் அதிகாரி அல்ல, சம்பளம் இல்லை, பட்டியலில் பெயர் உள்ள மரியாதையான குடிமகன், அவ்வளவுதான். சாட்சி, ஆவணம், வாதம், தீர்ப்பு எல்லாம் அவரிடம்.

பத்தாயிரம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) கடன் கொடுத்தவர் திரும்பக் கேட்கிறார், வாங்கியவர் மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடப்பது இப்படி:

1. அழைப்பு. அரசு யாருக்கும் சம்மன் அனுப்பாது. கடன் கொடுத்தவரே எதிராளியைக் கூட்டி வர வேண்டும். கி.மு. 451–450-இல் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம் தொடங்குவதே இந்த இடத்தில்தான்: கூப்பிட்டால் போக வேண்டும், போகாவிட்டால் சாட்சி வைத்துவிட்டுப் பிடிக்கலாம். எதிராளி கிழவர், நோயாளி என்றால் ஏறிவர ஒரு மாட்டையோ கழுதையையோ கொடுத்தாக வேண்டும். மெத்தை விரித்த வண்டி தரவேண்டியதில்லை என்றும் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பிற்காலத்தில் இந்த இழுபறிக்குப் பதில் 'வடிமோனியம்' வந்தது: இன்ன நாள், இன்ன இடம், இன்ன மணிக்கு வருகிறேன், வராவிட்டால் இவ்வளவு தருகிறேன் என்ற உறுதிமொழி. பொம்பெய்க்கு அருகே 1959-இல் கிடைத்த மெழுகுப் பலகைகளில் அப்படிப்பட்டவை பல உள்ளன.

2. பிரேட்டர் முன். அவர் ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் மேடைமீது தந்தம் பதித்த மடக்கு நாற்காலியில் அமர்ந்திருப்பார். வழக்குத் தொடுப்பவர் எந்த வகை வழக்கு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பிரேட்டர் அனுமதிக்கலாம், மறுக்கலாம். இது எல்லா நாளும் நடக்காது. நாள்காட்டியில் சில நாட்களில் பிரேட்டர் தன் அதிகாரச் சொற்களை (தருகிறேன், அறிவிக்கிறேன், ஒப்படைக்கிறேன் என்ற மூன்றை) உச்சரிக்கவே கூடாது. எந்த நாள் நல்ல நாள் என்பது நெடுங்காலம் புரோகிதர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. கி.மு. 304-இல் ஈடைலாக இருந்த க்னேயஸ் ஃபிளேவியஸ் அந்த நாள்காட்டியை எல்லாரும் பார்க்க ஃபோரத்தில் வைத்துவிட்டார். அவருடைய தந்தை அடிமையாக இருந்து விடுதலையானவர். மேட்டுக்குடியினருக்கு இதில் வந்த ஆத்திரம் லேசானதல்ல.

3. 'ஃபார்முலா'. பிரேட்டர் ஒரு சிறு எழுத்தை அங்கீகரிப்பார். அதுதான் யூடெக்ஸுக்கான ஆணை.

4. வழக்குக் கட்டு. இரு தரப்பும் அந்த ஃபார்முலாவை ஏற்கும் கணம். இதற்குப் பின் அதே கோரிக்கையை மறுபடி கொண்டுவர முடியாது.

5. யூடெக்ஸ். பெரும்பாலும் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒருவர். பிரேட்டர் நியமிப்பார். அவர் விவரம் தெரிந்த நண்பர்கள் சிலரைக் கலந்து, வாய்மொழியாகத் தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

ஃபார்முலாவைப் பிரித்துப் பார்த்தால்

நம் கடன் வழக்குக்கான வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"டிஷியஸ் யூடெக்ஸாக இருக்கட்டும். நுமேரியஸ் நெகிடியஸ், ஔலஸ் அகேரியஸுக்குப் பத்தாயிரம் செஸ்டர்ஸ் தரக் கடமைப்பட்டவர் என்று தெரியவந்தால், யூடெக்ஸே, அந்தப் பத்தாயிரத்துக்கு அவர்மீது தீர்ப்பிடுக. தெரியவராவிட்டால் விடுவித்துவிடுக."

பெயர்கள் பாடப்புத்தகப் பெயர்கள். அகேரியஸ் வழக்குத் தொடுப்பவர், நெகிடியஸ் மறுப்பவர். இந்த நான்கு வரிக்குள் யூடெக்ஸை நியமிப்பது, கோரிக்கை, தீர்ப்பிடும் அதிகாரம் மூன்றும் இருக்கின்றன. தேவைப்பட்டால் இன்னொரு பகுதி சேரும்: பிரதிவாதியின் ஆட்சேபம். "அகேரியஸ் இதில் ஏமாற்று எதுவும் செய்யாமல் இருந்தால்" என்ற ஒரு துணைவரியைப் பிரதிவாதி பிரேட்டரிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மறந்துவிட்டால், இந்த மாதிரி கறாரான கடன் வழக்கில், தன்னை ஏமாற்றித்தான் கையெழுத்து வாங்கினார்கள் என்று யூடெக்ஸ் முன் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. யூடெக்ஸ் கேள்வியைத் திருத்த முடியாது, பதில்தான் சொல்ல முடியும். விற்பனை, வாடகை, கூட்டு வியாபாரம் போன்றவற்றில் மட்டும் "நல்லெண்ணப்படி எது தரவேண்டுமோ அது" என்ற வாசகம் இருக்கும். அந்த ஒரு சொல்லே யூடெக்ஸுக்குத் தாராளமான இடம் கொடுத்தது.

எங்கெல்லாம் கோணல் விழுந்தது?

1. அதிகம் கேட்டால் எல்லாம் போச்சு. வரவேண்டியது பத்தாயிரம், கேட்டது பதினோராயிரம் என்றால் யூடெக்ஸ் பத்தாயிரத்துக்குத் தீர்ப்பிட முடியாது. வாசகத்தில் உள்ள தொகை கடமையா என்பதே கேள்வி, அதற்கு 'இல்லை' என்பதுதான் பதில். முழுக் கடனும் போய்விடும், மறுபடி வழக்கும் போட முடியாது. தவணை நாளுக்கு முன்பே கேட்டாலும், ஒப்புக்கொண்ட ஊரை விட்டு வேறு ஊரில் கேட்டாலும் இதே கதி.

2. யூடெக்ஸே கடன்காரர் ஆகலாம். வாசகத்தில் உள்ள தொகைக்குக் கூடவோ குறையவோ தீர்ப்பிட்டால் 'வழக்கைத் தனதாக்கிக்கொண்டார்' என்று அவர்மீதே வழக்கு வரும். தொண்டு வேலை செய்பவருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

3. காலாவதி. ரோம் நகருக்குள் முறைப்படி நடக்கும் வழக்குகளுக்கு முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துச் சட்டப்படி ஒன்றரை ஆண்டு கெடு. மற்ற வழக்குகளோ அதை அனுமதித்த பிரேட்டரின் பதவியோடு செத்துப்போகும். இழுத்தடிக்கத் தெரிந்த பிரதிவாதிக்கு டிசம்பர் நல்ல மாதம்.

4. பொருள் கேட்டாலும் பணம்தான். நிலமோ குதிரையோ எதைக் கேட்டாலும் தீர்ப்பு பணத்தில்தான் வரும்.

இதற்கு முந்திய பழைய முறை இன்னும் கொடூரமானது. அதில் எழுத்து கிடையாது, மந்திரம் மாதிரி சொற்களை அப்படியே ஒப்பிக்க வேண்டும். தன் திராட்சைக் கொடிகளை வெட்டினான் என்று ஒருவர் வழக்குப் போட்டார். பன்னிரண்டு பலகைச் சட்டத்தில் 'மரங்கள்' என்றுதான் இருந்தது. அவர் 'கொடிகள்' என்று சொன்னார், தோற்றார். கி.பி. 2-ஆம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் கையஸ் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் பாடநூலே 1816-இல் வெரோனா நகரில், சுரண்டி அழித்து மேலே வேறு நூல் எழுதப்பட்ட தோல் ஏடுகளில்தான் கிடைத்தது. ரோமானிய வழக்கு நடைமுறை பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்த ஏடுகள் தந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் ஈபூஷியஸ் சட்டமும், கி.மு. 17-இல் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டங்களும் சேர்ந்து பழைய முறையை ஏறக்குறைய ஒழித்தன.

யூடெக்ஸுக்கு ஒரு வழி மட்டும் திறந்திருந்தது. ஔலஸ் கெல்லியஸ் என்ற எழுத்தாளர் இளம் வயதில் யூடெக்ஸாக நியமிக்கப்பட்டார். கடன் கேட்டவர் ஊரறிந்த நாணயஸ்தர், ஆனால் கையில் பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. எதிராளி ஊரறிந்த அயோக்கியன். சட்டம் தெரிந்த நண்பர்கள் 'ஆதாரம் இல்லை, விடுவித்துவிடு' என்றார்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் 'எனக்குத் தெளிவாகவில்லை' என்று சத்தியம் செய்து அந்த வழக்கிலிருந்தே விலகிக்கொண்டார். தீர்ப்புச் சொல்பவர் தொழில்முறை நீதிபதியாக இல்லாத ஓர் அமைப்பு எப்படி இருக்கும் என்பதை இந்த ஒரு வழக்கு காட்டிவிடும்.

வெள்ளைப் பலகை: பிரேட்டரின் நிஜமான பலம்

கேள்வியை எழுதுபவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கும்? புதிதாக ஒரு ஃபார்முலாவை அனுமதித்தால் நேற்றுவரை இல்லாத உரிமை ஒன்று பிறக்கும். மறுத்தால் சட்டத்தில் இருக்கும் உரிமை செல்லாக்காசாகும். பிரேட்டர் சட்டமியற்ற முடியாது. ஆனால் பதவியேற்றதும், வரும் ஓராண்டில் எந்தெந்தச் சூழலில் வழக்கு அனுமதிப்பேன், எதில் மறுப்பேன் என்று ஓர் அறிக்கை வெளியிடுவார். அதற்கு 'எடிக்ட்' என்று பெயர். சுண்ணாம்பு பூசிய மரப்பலகையில் எழுதி ஃபோரத்தில் வைப்பார்கள். பலகையை வேண்டுமென்றே சிதைத்தவர்மீது எந்தக் குடிமகனும் வழக்குப் போடலாம்.

அடுத்த ஆண்டுப் பிரேட்டர் முந்தைய அறிக்கையின் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொண்டு, பின்னால் ஓரிரு வரிகளைச் சேர்ப்பார் அல்லது நீக்குவார். இப்படியே தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்ததுதான் பிரேட்டர் சட்டம். பழைய சட்டத்துக்கு உதவ, அதன் இடைவெளியை நிரப்ப, அதைத் திருத்த என்று சட்ட அறிஞர் பாப்பினியன் அதன் மூன்று நோக்கங்களைச் சொல்லியிருக்கிறார். ஏமாற்றுக்கு எதிரான ஃபார்முலாக்களை வகுத்தவர் அக்விலியஸ் கல்லஸ். கி.மு. 66-இல் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோவோடு அவரும் பிரேட்டராக இருந்தார். திருட்டுச் சட்டம் குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்ற நிலையில், 'இவர் ரோமக் குடிமகனாக இருந்திருந்தால்' என்ற ஒரு பொய்யைக் கேள்விக்குள் நுழைத்து வெளியூராருக்கும் வழக்கைத் திறந்துவிட்டார்கள். சட்டத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை, வேலை நடந்துவிட்டது.

இதே கருவி கெட்ட கையில் விழுந்தால் என்னவாகும் என்பதற்கு கையஸ் வெரஸ். அவர் கி.மு. 74-இல் நகரப் பிரேட்டர். அன்னியஸ் அசெல்லஸ் என்பவர் தன் மகளை வாரிசாக்கி உயில் எழுதி இறந்திருந்தார். பணக்காரர்கள் பெண்ணை வாரிசாக்கக் கூடாது என்ற வொக்கோனியஸ் சட்டம் சொத்துக் கணக்கெடுப்பில் பதிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அவர் பதியவில்லை, ஆகவே உயில் செல்லும். வெரஸ் தன் எடிக்டில் வாரிசாக 'ஆக்குபவர்' என்பதோடு 'ஆக்கியவர்' என்று இறந்தகாலத்தையும் சேர்த்தார். முடிந்துபோன உயில் அந்த ஒரு சொல்லால் செல்லாததாயிற்று. அடுத்த வாரிசிடம் பணம் வாங்கிக்கொண்டு செய்தார் என்பது சிசரோவின் குற்றச்சாட்டு. அதற்கும் மேல், தன் எடிக்டுக்கே மாறாக அவர் அனுமதிகளை வழங்கினார். சக பிரேட்டர் லூசியஸ் பீசோ குறுக்கிட்டுத் தடுத்த வழக்குகளின் பதிவுகளே பல ஏடுகளை நிரப்பின என்கிறார் சிசரோ.

கி.மு. 67-இல் டிரிபியூன் கையஸ் கொர்னேலியஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: பிரேட்டர் தான் வெளியிட்ட எடிக்டுக்குத் தானே கட்டுப்பட வேண்டும். இதைச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டதே, அதிலிருந்து அதுவரை நடந்ததை ஊகிக்கலாம். பின்னர் கி.பி. 130 வாக்கில் பேரரசர் ஹேட்ரியன், சல்வியஸ் யூலியானஸ் என்ற சட்ட அறிஞரைக் கொண்டு எடிக்டின் இறுதி வடிவத்தை அமைத்து, இனி யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டிவிட்டார்.

சந்தையில் ஈடைல்

ஈடைலின் எடிக்டு சிறியது, ஆனால் ஆயுள் நீண்டது. அடிமை விற்பவர் அந்த மனிதருக்கு உள்ள நோய், குறை, ஓடிப்போகும் பழக்கம், அவர்மீது நிலுவையில் உள்ள குற்றம் ஆகியவற்றைச் சொல்லியே விற்க வேண்டும். மாடு, குதிரைக்கும் இதே மாதிரி விதி. மனிதரையும் மாட்டையும் ஒரே மூச்சில் பேசும் சட்டம் இது என்பதை மறக்கக் கூடாது. மறைத்து விற்றால் வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை மீட்கலாம், அல்லது ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கேட்கலாம். குறையைப் பற்றி விற்றவருக்கே தெரியாது என்பது சாக்காகாது. மறைந்திருக்கும் குறைக்கு விற்பவரே பொறுப்பு என்ற இன்றைய ஐரோப்பியச் சட்டக் கொள்கை இங்கிருந்து இறங்கி வந்தது.

குற்ற வழக்கில் பிரேட்டர் வெறும் தலைவர்

கி.மு. 149-இல் கல்புர்னியஸ் சட்டம் முதல் நிரந்தரக் குற்ற மன்றத்தை அமைத்தது. மாகாணங்களில் ஆளுநர்கள் அடித்த கொள்ளையை விசாரிக்க வந்தது அது. சுல்லா காலத்தில் கொலை, தேசத்துரோகம், தேர்தல் லஞ்சம் என்று தனித்தனி மன்றங்கள் நிலைபெற்றன. இங்கேயும் பிரேட்டருக்கு வாக்கு இல்லை. அவர் தலைமை தாங்குவார். குற்றம் சாட்டுபவர் அரசு வழக்கறிஞர் அல்ல, முன்வந்த ஒரு தனிமனிதர். பல பத்து ஜூரர்கள் மெழுகு பூசிய சிறு பலகையில் விடுவிக்கவோ தண்டிக்கவோ ஓர் எழுத்தை விட்டு மற்றதைத் தேய்த்து வாக்களிப்பார்கள். ஜூரர்கள் எந்த வகுப்பிலிருந்து வருவது என்பதே அரை நூற்றாண்டு அரசியல் சண்டை: டிரிபியூன் கையஸ் கிராக்கஸ் செனட்டர்களிடமிருந்து எடுத்துக் குதிரைவீரர் என்ற பணக்கார வகுப்புக்குக் கொடுத்தார், சுல்லா திருப்பிக் கொடுத்தார், கி.மு. 70-இன் அவுரேலியஸ் சட்டம் மூன்று வகுப்புக்குப் பங்கிட்டது.

வாக்கு இல்லாத தலைவர் என்றால் யாராக இருந்தால் என்ன என்று கேட்கலாம். வெரஸ் வழக்கு பதில் சொல்லும். சிசிலியைச் சூறையாடியதற்காக கி.மு. 70 ஆகஸ்ட் 5-இல் விசாரணை தொடங்கியது. தலைமை பிரேட்டர் மானியஸ் அசிலியஸ் கிளாப்ரியோ, கறாரானவர். ஆனால் அடுத்த ஆண்டுக்குக் கான்சலாகத் தேர்வாகியிருந்தவர்களில் ஒருவர் வெரஸின் வழக்கறிஞர் ஹார்டென்சியஸ், மற்றவர் வெரஸின் ஆதரவாளர் குவின்டஸ் மெட்டெல்லஸ். அதே குடும்பத்தின் மார்கஸ் மெட்டெல்லஸுக்குச் சீட்டில் இந்த மன்றமே விழுந்திருந்தது. ஆகஸ்ட் நடுவிலிருந்து வரிசையாகத் திருவிழா விளையாட்டுகள். ஜனவரி வரை இழுத்துவிட்டால் போதும், தலைவரும் மாறுவார், ஜூரர்களில் பலரும் மாறுவார்கள். சிசரோ இதைக் கணக்குப் போட்டார். நீண்ட முன்னுரை வழக்கத்தைக் கைவிட்டு, சுருக்கமாகப் பேசிவிட்டு நேராகச் சாட்சிகளை நிறுத்தினார். சில நாட்களிலேயே வெரஸ் தீர்ப்புக்குக் காத்திராமல் மசிலியாவுக்கு, அதாவது இன்றைய மார்சேய்க்கு, ஓடிவிட்டார். சிசரோ பேசாமல் விட்ட நீண்ட உரைகளை எழுதி வெளியிட்டார். அவைதான் இன்று நம் கையில் இருக்கின்றன.

பிரேட்டரைத் தடுப்பது யார்?

மேல்முறையீடு இல்லாத அமைப்பில் கடிவாளம் இரண்டுதான்: சமமான அல்லது மேலான பதவியாளரின் குறுக்கீடு, டிரிபியூனின் தடை. இரண்டுமே தடுக்கும், மாற்றி எழுதாது. மற்றபடி ஆண்டு முடியக் காத்திருக்க வேண்டும். எல்லாரும் காத்திருக்கவில்லை.

கி.மு. 89-இல் கடன் நெருக்கடி முற்றியபோது நகரப் பிரேட்டர் செம்ப்ரோனியஸ் அசெல்லியோ, வட்டிக்குத் தடை விதித்த ஒரு பழைய சட்டத்தைக் கடனாளிகள் தங்கள் ஆட்சேபமாக எழுப்ப அனுமதித்தார். தீர்ப்பு எதுவும் அவர் சொல்லவில்லை, கேள்வியில் ஒரு வரி சேர்த்தார், அவ்வளவே. ஃபோரத்தில் காஸ்டர் கோயில் முன் பலி கொடுத்துக்கொண்டிருந்தபோது கல் பறந்து வந்தது. கையில் இருந்த கிண்ணத்தைப் போட்டுவிட்டு வெஸ்டா கோயில் பக்கம் ஓடினார், மறித்தார்கள், ஒரு விடுதிக்குள் புகுந்தார், அங்கேயே கழுத்தை அறுத்துக் கொன்றார்கள். துப்புக் கொடுப்போருக்கு செனட் பரிசு அறிவித்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கி.மு. 48-இல் வெளியார் பிரேட்டர் கேலியஸ் ரூஃபஸ் தன் நாற்காலியை நகரப் பிரேட்டர் டிரெபோனியஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். சீசர் வகுத்த கடன் தீர்வை எதிர்த்து வருபவர்களுக்கு நான் உதவுகிறேன் என்று அறிவித்தார். யாரும் வரவில்லை. பின்னர் கான்சல் செர்விலியஸ் அந்த நாற்காலியை உடைத்தார். கேலியஸ் தோல்வார் பின்னிய வேறொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கான்சல் சிறுவயதில் தந்தையிடம் வாரடி வாங்கியவர் என்பது ஊர்ப்பேச்சு. சில வாரங்களில் கேலியஸ் கலகத்தில் இறங்கி உயிரை விட்டார்.

தீர்ப்பு வந்தபின்

ஜெயித்தவர் பணத்தை எப்படி வாங்குவது? இங்கேயும் அரசு அவருக்காகக் கதவைத் தட்டாது. தோற்றவருக்கு முப்பது நாள் அவகாசம். கட்டாவிட்டால் ஜெயித்தவர் மறுபடி பிரேட்டரிடம் போக வேண்டும். தீர்ப்பை மறுத்து மீண்டும் தோற்றால் இரட்டிப்புத் தொகை. பழைய காலத்தில் கடனாளியைச் சங்கிலியில் கட்டி வைக்கலாம், அறுபது நாள்வரை. பின்னர் பிரேட்டர்கள் வேறு வழி வகுத்தார்கள்: முழுச் சொத்தையும் கடன் கொடுத்தவர்களின் வசம் விட்டு, முப்பது நாள் விளம்பரம் செய்து, ஒட்டுமொத்தமாக ஏலம் விடுவது. பத்து செஸ்டர்ஸ் கடனுக்கும் முழுச் சொத்துதான் போகும், மானமும் சேர்ந்து போகும். கட்டிவிடுவதே மேல் என்று பெரும்பாலோர் நினைத்தது இதனால்தான்.

பெரிய வியாபாரிகள் இந்தச் சுற்றையே தவிர்க்கப் பார்த்தார்கள். வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று சேர நாட்டு முசிறியோடு நடந்த கடல் வாணிபக் கடனைப் பேசுகிறது. ஏட்டின் மறுபக்கத்தில் ஹெர்மப்போலோன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு. முசிறி ஒப்பந்தப்படி கெடுவுக்குள் கடன் கட்டாவிட்டால், அறிவிப்போ அழைப்போ இல்லாமல் கடன் கொடுத்தவர் அடமானச் சரக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று கடன் வாங்கியவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். மிளகும் தந்தமும் கோடையில் அழுகாது, ஆனால் வழக்கு முடியும்வரை சந்தை விலை காத்திருக்காதே.

மாகாணத்தில் எல்லாம் ஒரே கையில்

ரோமுக்கு வெளியே இந்த நுணுக்கம் பாதி கரைந்துவிடும். ஆளுநரே பிரேட்டர், படைத்தளபதி, நிர்வாகி. ஊர் ஊராகச் சுற்றி வந்து வழக்குக் கேட்பார். சிறு ஊர்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட இரு தலைவர்கள் சிறு வழக்குகளைப் பார்ப்பார்கள். ஸ்பெயினின் செவில் பகுதியில் 1981-இல் கிடைத்த இர்னி ஊரின் வெண்கலப் பலகைகள் அந்த ஊர்த் தலைவர்களின் வரம்பை 1,000 செஸ்டர்ஸ் என்று நிர்ணயிக்கின்றன. மறுகோடியில், சாக்கடலோரக் குகையில் பபத்தா என்ற யூதப் பெண்ணின் ஆவணக்கட்டு கிடைத்தது. தகப்பனில்லாத மகனுக்குக் காப்பாளர்கள் மாதம் இரண்டு தெனாரியஸ்தான் தருகிறார்கள் என்று அரேபிய மாகாண ஆளுநர்வரை போனவர் அவர். அந்தக் கட்டில் காப்பாளர் வழக்குக்கான ரோமானிய ஃபார்முலா, கிரேக்க மொழியில், மூன்று பிரதிகள் இருந்தன. ஃபோரத்து வெள்ளைப் பலகை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

உயிர்போகும் வழக்கில் குடியுரிமை இல்லாதவருக்கு ஜூரியும் இல்லை, யூடெக்ஸும் இல்லை. யூதேயாவின் ஆளுநர் பொந்தியு பிலாத்து (கி.பி. 26–36) நியாயாசனத்தில் தனியாக உட்கார்ந்து இயேசுவுக்கு மரண தண்டனை விதித்ததில் நடைமுறைப்படி விசித்திரம் எதுவும் இல்லை. கொரிந்துவில் ஆளுநர் கல்லியோன், இது உங்கள் மதச் சண்டை என்று கிறிஸ்தவப் போதகர் பவுல்மீதான வழக்கை ஏற்கவே மறுத்தது, பிரேட்டர் பாணியில் வழக்கை அனுமதிக்க மறுப்பதுதான். பவுலோ ரோமக் குடிமகன். அவர் இராயனுக்கு (பேரரசருக்கு) அபயமிட்டதும் ஆளுநர் பெஸ்து தன் ஆலோசனைக்காரரைக் கலந்துவிட்டு ரோமுக்கு அனுப்புகிறார். அந்த ஆலோசனைக் குழுவும் ரோமானிய வழக்கமே: தீர்ப்பு ஒருவருடையது, ஆனால் கலக்காமல் சொல்வது அநாகரிகம்.

பதவி வற்றியது எப்படி

பேரரசு வந்தபின் பேரரசரும் அவர் நியமித்த அதிகாரிகளும் வழக்கைத் தொடக்கம் முதல் முடிவுவரை தாங்களே விசாரித்தார்கள். சம்மன் அரசுடையது, தீர்ப்பு எழுத்தில், மேல்முறையீடு உண்டு. இரண்டு துண்டு முறையோடு இது கொஞ்சகாலம் பக்கத்தில் ஓடியது, பிறகு அதை விழுங்கியது. கி.பி. 342-இல் ஃபார்முலா முறையே சட்டப்படி ரத்தானது. ஒரு சொல் தவறினால் வழக்கே விழும் கொடுமை அதோடு ஒழிந்தது. ஆனால் கேள்வியை ஒருவர் எழுத, பதிலை வேறொருவர் சொல்லும் தடுப்பும் அதோடு போய்விட்டது. விசாரிப்பவர், தீர்ப்பவர், பேரரசரின் ஊழியர் மூவரும் ஒரே ஆள் ஆனார்.

பிரேட்டர் பதவி மட்டும் பெயரளவில் தொடர்ந்தது. காப்பாளர் நியமனம் போன்ற சில்லறை வேலைகள் போக, 4-ஆம் நூற்றாண்டில் அதன் முக்கியக் கடமை சொந்தக் காசில் நகர மக்களுக்கு விளையாட்டு நடத்துவது. செனட்டர் சிமாக்கஸ் தன் மகன் பிரேட்டரான கி.பி. 401-இல் அந்த விளையாட்டுகளுக்காகச் செலவிட்டது ரோமானிய எடையில் 2,000 பவுண்ட் தங்கம்.